நான்கு நாள் காதல், இருபது ஆண்டு வழக்கு: ‘கார்டன் ஸ்டேட்’ குறித்த நிகழ்வு ஆய்வு

நரம்பியல் மருத்துவரின் அறைக்கு வெளியே தன் முறைக்காகக் காத்திருக்கும் 26 வயது இளைஞனிடம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத பெண் ஒருத்தி தன் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொடுத்து, இந்தப் பாட்டைக் கேள், உன் வாழ்க்கையே மாறிவிடும் என்கிறாள். தி ஷின்ஸ் குழுவின் ‘நியூ ஸ்லாங்’ ஒலிக்கிறது. அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான், அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். காட்சியில் இதற்கு மேல் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. ஆனால் இந்தச் சில நொடிகளைக் காட்டித்தான் ஒரு சாரார் ‘கார்டன் ஸ்டேட்’ தங்கள் தலைமுறையின் படம் என்கிறார்கள். இதே சில நொடிகளைக் காட்டித்தான் மற்றொரு சாரார் அந்தப் படத்தைச் சகிக்க முடியவில்லை என்கிறார்கள். இரு தரப்பும் வெவ்வேறு சாட்சிகளைக் கொண்டுவரும் வழக்கு சாதாரணமானது. ஒரே சாட்சியை இருவரும் தம் பக்கம் கூப்பிடும் வழக்கு அப்படியல்ல என்பதால் இதை எடுத்துப் பார்ப்பதில் பயன் உண்டு.

படம் உருவான விதம்

ஜாக் பிராஃப் நியூ ஜெர்சி மாநிலத்தின் சவுத் ஆரஞ்ச் என்ற ஊரில் வளர்ந்தவர். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் திரைப்படம் படித்தவர். 2001இல் தொடங்கிய ‘ஸ்கிரப்ஸ்’ என்ற மருத்துவமனை நகைச்சுவைத் தொடரின் நாயகனாக அமெரிக்க வீடுகளுக்கு அறிமுகமானவர். அவர் எழுதி, இயக்கி, நாயகனாகவும் நடித்த முதல் முழுநீளப் படம் ‘கார்டன் ஸ்டேட்’. நியூ ஜெர்சிக்கு வழங்கும் பட்டப்பெயர்தான் தலைப்பு. (நியூ ஜெர்சி என்றால் நம்மில் பலருக்கு எடிசனும் மென்பொருள் வேலைக்குப் போன உறவுக்காரர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். இந்தப் படத்தின் நியூ ஜெர்சி, பெரிய வீடுகளும் அவற்றுக்குள் வேலையின்றிப் படுத்துக்கிடக்கும் பிள்ளைகளும் நிறைந்த புறநகர்.) தயாரிப்புச் செலவு சுமார் 25 லட்சம் டாலர். 2004 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டபோது ஃபாக்ஸ் சர்ச்லைட், மிராமேக்ஸ் என்ற இரு நிறுவனங்கள் சேர்ந்து 50 லட்சம் டாலர் கொடுத்து உரிமையை வாங்கின. அதே ஆண்டு ஜூலை இறுதியில் வெளியாகி அமெரிக்காவில் மட்டும் 2.6 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. மறு ஆண்டு சிறந்த முதல் படத்துக்கான இண்டிபென்டன்ட் ஸ்பிரிட் விருதையும் பெற்றது.

கதை எளியது. லாஸ் ஏஞ்சலஸில் பேர் சொல்லும்படி எதுவும் ஆகாத நடிகனான ஆண்ட்ரூ லார்ஜ்மன், வியட்நாமிய உணவகம் ஒன்றில் பரிமாறுபவனாகக் காலம் தள்ளுகிறான். தாய் குளியல் தொட்டியில் மூழ்கி இறந்த செய்தியைத் தந்தை தொலைபேசியில் சொல்ல, ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஊருக்குத் திரும்புகிறான். சிறு வயதில் கோபத்தில் அவன் தள்ளிவிட்டபோது, பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் திறந்து கிடந்த கதவில் தடுக்கி விழுந்த தாய் அன்றிலிருந்து சக்கர நாற்காலியில் முடங்கிப்போனவர். மனநல மருத்துவரான தந்தையே மகனுக்கும் மருத்துவராகி, மனநிலையைச் சீராக்கும் லித்தியம் உள்ளிட்ட மருந்துகளை அவனுக்கு எழுதிக் கொடுத்து வந்திருக்கிறார். இம்முறை ஆண்ட்ரூ மருந்துகளை ஊருக்கு எடுத்து வரவில்லை. பழைய நண்பர்களைச் சந்திக்கிறான். முதலில் சொன்ன ஹெட்ஃபோன் பெண்ணான சாமைச் சந்திக்கிறான். நான்கு நாளில் காதல்.

வெளியான நேரத்தில் பெரும்பான்மை விமர்சனங்கள் படத்துக்குச் சாதகமாகவே இருந்தன. விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்கில் மூன்று நட்சத்திரம் கொடுத்தார். ஆகவே இது முதல் நாளே தூக்கியெறியப்பட்டுப் பின்னால் சிலர் கண்டெடுத்த படமும் அல்ல, ஒருமித்த பாராட்டில் இன்றுவரை நிலைத்த படமும் அல்ல. பாராட்டில் தொடங்கி, மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் கேலிக்கு உள்ளாகி, அதன் பிறகு இரண்டு கட்சிகளாகவே நின்றுவிட்ட படம்.

ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும்

ஆதரவாளர்களின் வாதத்தில் முதலில் வருவது மரத்துப்போன நிலையைப் படம் காட்டிய விதம். ஆண்ட்ரூவின் கார் சாலையில் போய்க்கொண்டிருக்கிறது, பெட்ரோல் நிரப்பிய பம்பின் குழாய் பிடுங்கிக்கொண்டு வந்து வண்டியின் பக்கவாட்டில் தொங்குகிறது, அவனுக்குத் தெரியவில்லை. குளியலறையின் மருந்து அலமாரியைத் திறந்தால் உள்ளே ஒரே அளவு மாத்திரைக் குப்பிகள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. தாய் வீட்டை அலங்கரித்து மிச்சம் வைத்திருந்த துணியில் தெரிந்த பெண் ஒருவர் அவனுக்குத் தைத்துத் தந்த சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் சுவரோரம் நின்றால், அதே பூவேலை கொண்ட சுவரில் உடல் கரைந்து தலை மட்டும் மிஞ்சுகிறது. விருந்து ஒன்றில் போதை மாத்திரை போட்டுக்கொண்டு சோஃபாவில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். சுற்றியிருப்பவர்கள் வேகமாக ஓட்டிய படச்சுருளில் போல ஆடிப்பாடி ஓய்கிறார்கள். இவற்றில் எதற்கும் வசனம் இல்லை. இருபதுகளின் நடுவில் வேலை, ஊர், உறவு எதிலும் கால் ஊன்றாமல் இருந்த ஒருவருக்கு இது எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 18 முதல் 25 வயது வரையான காலத்தை ‘எமெர்ஜிங் அடல்ட்ஹூட்’ (அரும்பும் முதிர்பருவம்) என்ற தனிப் பருவமாக வகுத்துக் கட்டுரை வெளியிட்டது 2000இல். அந்தக் கணக்கின்படி ஆண்ட்ரூ அதையும் ஒரு வயது தாண்டிவிட்டவன் என்பதுதான் அவன் சங்கடம். ஆதரவாளர்கள் அடுத்துச் சொல்வது நீச்சல் குளத்தில் அவன் சாமிடம் பேசும் இடம்: வளர்ந்த வீடு ஒரு நாள் தன் வீடாக இல்லாமல் போய்விடுகிறது, இல்லாத ஓர் இடத்துக்காக ஏங்குகிறவர்களின் கூட்டம்தான் குடும்பமோ என்னவோ என்கிறான். ஊரைவிட்டு வந்த யாரையும் தொடக்கூடிய பேச்சு அது; நானும் விதிவிலக்கல்ல.

எதிர்ப்பவர்கள் இவற்றை மறுப்பதில்லை. அவர்களுடைய புகார் சாம் வந்த பிறகு தொடங்குகிறது. நாட்டலி போர்ட்மன் நடித்த சாம் வாய்க்கு வந்ததைப் பொய் சொல்லி, உடனே பொய் என்று ஒப்புக்கொள்கிறாள். செத்த ஹாம்ஸ்டரைத் தோட்டத்தில் புதைத்து அஞ்சலி செலுத்துகிறாள். வாழ்க்கை அலுப்பாகத் தோன்றினால் அந்த இடத்தில் இதுவரை எவரும் செய்திராத அசைவு ஒன்றையும் சத்தம் ஒன்றையும் செய்ய வேண்டும் என்று சொல்லி, செய்தும் காட்டுகிறாள். 2007 ஜனவரியில் விமர்சகர் நேதன் ரேபின் ‘தி ஏ.வி. கிளப்’ இதழில் ‘எலிசபெத்டவுன்’ என்ற வேறு படத்தைப் பற்றி எழுதும்போது ‘மேனிக் பிக்ஸி ட்ரீம் கேர்ள்’ என்ற சொற்றொடரை உருவாக்கி, அதற்கு இன்னோர் உதாரணமாக சாமைக் காட்டினார். சோகமே உருவான இளைஞனுக்கு வாழக் கற்றுக்கொடுப்பதற்காகவே எழுத்தாளர்-இயக்குநரின் கற்பனையில் பிறந்தவள் என்பது அதன் சாரம். நம் ஊர்ச் சினிமாப் பேச்சில் ‘லூசுப் பொண்ணு’ என்று சொல்கிறோமே, அவளுக்கு இவள் தூரத்துச் சொந்தம். நம் லூசுப் பொண்ணு நாயகனின் வீரத்தைப் பார்த்து வாய்பிளக்கப் பிறந்தவள். இவள் நாயகனின் சோகத்தை ஆற்றப் பிறந்தவள். இருவருக்கும் நாளைக்கு என்ன வேலை, என்ன ஆசை என்று இயக்குநரைக் கேட்டால் பதில் வராது.

சாமுக்காக வாதாட இடம் இல்லாமல் இல்லை. அவளுக்குக் கால்-கை வலிப்பு உண்டு. வேலை செய்யும் இடத்தில் வலிப்பு வந்ததால் அலுவலகக் காப்பீட்டை முன்னிட்டுத் தலைக்கவசம் போட்டுக்கொண்டு வேலை பார்க்க வேண்டிய நிலை. ஆண்ட்ரூவைவிட அவளுக்குத்தான் உடம்பில் உண்மையான ஆபத்து. ஆனால் படம் அந்தத் தலைக்கவசத்தை ஒரு முறை சிரிப்புக்குப் பயன்படுத்திவிட்டு ஓரமாக வைத்துவிடுகிறது. அவளுடைய நோய் அவன் நோயைப் போல யாரிடமும் கேள்வியாவதில்லை. ரேபின் 2014இல் ‘சலான்’ இதழில், தான் உருவாக்கிய தொடரை எல்லாரும் எல்லாப் பெண் பாத்திரத்தின் மீதும் ஒட்டித் தீர்த்துவிட்டார்கள் என்று வருந்தி மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பு நியாயமானது. ஆனாலும் சாம் விஷயத்தில் அந்தத் தொடர் பொருந்தவில்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. பிராஃபே பின்னாளில் ஒரு நேர்காணலில், மனச்சோர்வில் இருந்த இளைஞனாகத் தன்னை ஒருத்தி வந்து காப்பாற்ற வேண்டும் என்று கண்ட கனவைத்தான் எழுதினேன் என்ற பொருளில் பேசியிருக்கிறார். எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டும் அதுதான்; எழுதியவரின் விளக்கமும் அதுதான்.

எதிர்ப்பவர்களின் இன்னொரு புகார் மருந்து பற்றியது. அது சாமைப் பற்றிய புகாரைவிடக் கனமானது என்பது என் கருத்து. லித்தியம் இரத்தத்தில் எந்த அளவில் இருக்கிறது என்பதை அவ்வப்போது பரிசோதித்துக்கொண்டே கொடுக்கப்படும் மருந்து. ஒரே நாளில் நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து கூடும் என்பதால் மருத்துவர்கள் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். ஆண்ட்ரூவோ பெட்டி கட்டும்போதே மாத்திரைகளை விட்டுவிட்டு விமானம் ஏறிவிடுகிறான். படம் இதை முற்றிலும் அறியாமல் செய்யவில்லை: தலைவலிக்காக அவன் பார்க்கும் நரம்பியல் மருத்துவர், தந்தை மகனுக்கு மனநல மருத்துவராக இருந்ததே தவறு, வேறொருவரைப் போய்ப் பார் என்று சொல்கிறார். நல்ல யோசனை. ஆனால் ஆண்ட்ரூ அந்த வேறொருவரைப் பார்க்கும் காட்சி படத்தில் இல்லை. அவன் தந்தையின் முன் நின்று, என்னை நான் மன்னிக்கப் போகிறேன், மருந்து இல்லாமல் வாழப் போகிறேன் என்று அறிவிக்கும் காட்சிதான் இருக்கிறது. மருந்தால் மரத்துப்போனதாக உணர்ந்த பார்வையாளர் அங்கே கண் கலங்குகிறார். மருந்தால் உயிர் பிழைத்த பார்வையாளருக்கு அடிவயிற்றில் கலக்கம். இருவரும் அவரவர் வாழ்க்கையிலிருந்து உண்மையே பேசுகிறார்கள். பொதுவான தீர்ப்புச் சொல்லும்படியான காட்சியை இயக்குநர்தான் எழுதவில்லை.

பாட்டு

பாடல் தொகுப்பைத் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் இந்தப் பிளவில் அது வெறும் பக்கவாத்தியம் அல்ல. திரைக்கதையைப் பிறரிடம் கொடுக்கும்போதே பிராஃப் தான் தேர்ந்தெடுத்த பாடல்களைக் குறுந்தகட்டில் பதிந்து கூடவே கொடுத்தார். கோல்ட்பிளே, நிக் டிரேக், ஃப்ரூ ஃப்ரூ, சீரோ 7, அயர்ன் அண்ட் வைன், 1970இல் வெளியான சைமன்-கார்ஃபங்கல் பாடல் ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலாக தி ஷின்ஸின் இரண்டு பாடல்கள் அந்தத் தொகுப்பில் இருந்தன. ஒலித்தடம் 10 லட்சம் பிரதிகளைத் தாண்டியது; 2005 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது. 2001இல் சியாட்டிலின் சப் பாப் நிறுவனத்திலிருந்து முதல் ஆல்பத்தை வெளியிட்டு, விவரம் தெரிந்தவர்கள் மட்டும் கேட்டு வந்த குழுவாக இருந்த தி ஷின்ஸின் மூன்றாவது ஆல்பம் 2007இல் பில்போர்டு பட்டியலில் நேராக இரண்டாம் இடத்தில் நுழைந்தது.

இங்கேதான் ஒரு தனி வகை வெறுப்பு முளைத்தது. படத்தைவிட முன்பே இந்தப் பாடல்களைக் கேட்டிருந்தவர்களுக்கு, தங்கள் அந்தரங்கச் சொத்து காபிக் கடையில் ஒலிக்கத் தொடங்கியது எரிச்சலைத் தந்தது. அது பொறாமை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அதற்குள் ஒரு சரியான விமர்சனமும் இருக்கிறது: காட்சி ஈட்ட வேண்டிய உணர்ச்சியைப் பாட்டிடம் கடன் வாங்குகிறார்கள் என்பது. நூவர்க் கல்குவாரியின் விளிம்பில் கொட்டும் மழையில் ஆண்ட்ரூ, சாம், பள்ளி நண்பன் மார்க் மூவரும் குப்பைப் பையை மழைக்கோட்டாக மாட்டிக்கொண்டு, துருப்பிடித்த இயந்திரத்தின் மேல் ஏறி நின்று பள்ளத்தை நோக்கிக் கத்துகிறார்கள். ஆண்ட்ரூ ஏன் கத்துகிறான் என்று அதுவரை வந்த கதையிலிருந்து ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த இடத்தில் சைமன்-கார்ஃபங்கல் குரல் எழும்பாவிட்டால் அந்த ஒரு வரி போதாது. இந்த ஆய்வுக்காக மறுபடி பார்த்தபோது ஒலியை அணைத்துவிட்டு அந்தக் காட்சியை ஓட்டிப் பார்த்தேன். மூன்று பேர் குப்பைப் பையோடு கத்துகிறார்கள், அவ்வளவுதான். பெட்ரோல் குழாய்க் காட்சியையும் அப்படியே ஓட்டிப் பார்த்தேன். அது ஒலி இல்லாமலும் நிற்கிறது.

சைமன்-கார்ஃபங்கல் வந்தாலே, அவர்கள் பாடல்களோடு 1967இல் வந்த ‘தி கிராஜுவேட்’ படத்தை நினைக்காமல் இருக்க முடியாது. விமர்சகர்கள் அன்றே ஒப்பிட்டார்கள். அந்தப் படம் முடியும்போது திருமணம் நடந்த தேவாலயத்திலிருந்து ஓடிவந்த ஜோடி பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து சிரிக்கிறது; கேமரா நகராமல் நிற்க, சிரிப்பு மெல்ல வடிகிறது. ‘கார்டன் ஸ்டேட்’ முடியும்போது விமானம் ஏறிய ஆண்ட்ரூ இறங்கி ஓடி வருகிறான். சாம் விமான நிலையத் தொலைபேசிக் கூண்டுக்குள் அழுதுகொண்டிருக்கிறாள். இனி நாம் என்ன செய்வது என்று கேட்கிறான். பதிலுக்குப் பதில் முத்தம், உடனே இருட்டு. முந்தைய படம் அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்காமல் அதன் பதில் இன்மையைக் காட்டியது. இந்தப் படம் கேள்வியை வாய்விட்டுக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

2013இல் பிராஃப் தன் இரண்டாவது படத்துக்காக கிக்ஸ்டார்ட்டர் மூலம் மக்களிடம் 20 லட்சம் டாலர் கேட்டபோது, 46,000க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 31 லட்சம் டாலர் கொடுத்தார்கள். சம்பாதித்த தொலைக்காட்சி நட்சத்திரம் ரசிகர்களிடம் கையேந்தலாமா என்று மற்றொரு கூட்டம் பொங்கியது. பணம் கொடுத்தவர்களில் பலர் ‘கார்டன் ஸ்டேட்’ பார்த்தபோது இருபதுகளில் இருந்தவர்கள் என்று ஊகிப்பது தவறாகாது. பழைய வழக்கு கணக்குப் புத்தகத்தோடு மறுபடி நீதிமன்றம் ஏறியது போலத்தான் அது இருந்தது.

மார்க்

இரு தரப்பும் ஆண்ட்ரூவையும் சாமையும் பற்றியே இருபது ஆண்டுகளாகப் பேசுவதில், இலக்கில்லாத இளமையைப் பற்றிப் படம் சொல்லியிருப்பதில் ஆகச் சிறந்த பகுதி கவனிக்கப்படாமல் போகிறது. அது பீட்டர் சார்ஸ்கார்ட் நடித்த மார்க். ஆண்ட்ரூவின் தாயைப் புதைக்கக் குழி வெட்டியவன் அவன். இடுகாட்டிலேயே பள்ளி நண்பனைப் பார்த்துவிட்டு இயல்பாகக் குசலம் விசாரித்து விருந்துக்கு அழைக்கிறான். தாயோடு ஒரே வீட்டில் இருக்கிறான். அந்தத் தாய், மகனுடன் ஒன்றாகப் படித்த டிம் என்ற இளைஞனோடு உறவில் இருக்கிறார். அவனோ இடைக்கால அரண்மனை வேடமிட்ட உணவகத்தில் வீரனாக வேலை பார்ப்பவன், காலைச் சிற்றுண்டிக்கே கவச உடையோடு வந்து உட்காருகிறான். மார்க்கின் எதிர்கால முதலீடு வளைகுடாப் போரின்போது சிறுவர்களுக்காக அச்சிட்ட படச் சீட்டுகள். விலை ஏறும் என்று அட்டைப்பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறான். சாதாரணமானவனாக இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை, நன்றாகத் தூக்கம் வருகிறது என்று அவன் சொல்லும்போது, அவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறானா, உண்மையைச் சொல்கிறானா என்று பார்வையாளரால் அறுதியிட முடியாது. சார்ஸ்கார்டின் பாதி மூடிய கண்கள் இரண்டுக்கும் இடம் கொடுக்கின்றன.

மார்க்குக்குப் படம் மருந்தும் கொடுப்பதில்லை, காதலியும் கொடுப்பதில்லை, வாழ்க்கையை மாற்றும் பாட்டும் கொடுப்பதில்லை. அவன் திருடன், சவப்பெட்டியிலிருந்து நகை கழற்றும் காட்சியே வருகிறது. கடைசி நாளில் அவன் ஆண்ட்ரூவையும் சாமையும் காரணம் சொல்லாமல் ஊர் ஊராக இழுத்துக்கொண்டு அலைகிறான், கல்குவாரியின் ஓரத்தில் பழைய படகு ஒன்றை வீடாக்கிக் குடியிருக்கும் தம்பதி வரைக்கும். எதற்காக அந்த அலைச்சல் என்பது முடிவில்தான் தெரிகிறது: ஆண்ட்ரூவின் தாய் விரும்பி அணிந்த கழுத்துச் சங்கிலியைத் தேடிப் பிடித்து அவனிடம் ஒப்படைக்கிறான். அது எப்படிக் கைமாறியது என்பதைப் படம் வாய்விட்டுச் சொல்வதில்லை. சவப்பெட்டிக் காட்சி ஏற்கெனவே வந்துவிட்டதால் சொல்லத் தேவையும் இல்லை. மன்னிப்பு என்ற சொல் அங்கே உச்சரிக்கப்படுவதில்லை. தந்தையின் முன் மன்னிப்பைப் பற்றி நீளமாகப் பேசும் நாயகனைவிட, ஒரு வார்த்தையும் பேசாமல் ஒரு பகல் முழுவதும் அலைந்து திருட்டுப் பொருளைத் திருப்பித் தரும் குழிவெட்டி அதை நன்றாகச் செய்து முடிக்கிறான்.

படத்தை வெறுக்கிறவர்களோடு பேசிப் பார்த்த அளவில், மார்க்கைப் பற்றி யாரும் என்னிடம் குறை சொன்னதில்லை. படத்தை நேசிக்கிறவர்களும் அவனை முதலில் குறிப்பிட்டதில்லை. சண்டை முழுவதும் ஆண்ட்ரூவுக்குக் கிடைத்த நிவாரணத்தைப் பற்றியது: அது போதுமா, நியாயமா, யார் செலவில் கிடைத்தது என்பது பற்றியது. 2025 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸின் கிரீக் தியேட்டரில் அந்தப் பாடல்களைப் பாடிய கலைஞர்களைப் பிராஃப் மேடையேற்றியபோது, இருபதுகளில் அவற்றைக் கேட்டவர்கள் நாற்பதுகளில் திரும்ப வந்து கேட்டார்கள். ஆண்ட்ரூ விமான நிலையத்தில் கேட்ட கேள்விக்கு அதற்குள் அவரவர் வாழ்க்கை ஏதோ ஒரு பதிலைச் சொல்லியிருக்கும். மார்க்கின் படச் சீட்டுகள் விலை ஏறினவா என்பதை மட்டும் இன்னும் யாரும் கேட்கவில்லை.